கூலி கேட்கக் கற்ற இளைஞர்

ஈழநாட்டுத் தொழிலாளர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வேலைநிறுத்தங்களையே எழுதிச் சென்றனர். எந்த ஆண்டில் எத்துறையினர் வேலையை விட்டு வெளியேறினர், எத்தனை நாள் உறுதியுடன் நின்றனர், எத்தனை பேர் துப்பாக்கிக்கு இரையாயினர் என்பன அந்நூல்களில் விரிவாகக் காணப்படும். ஆயின் வேலைநிறுத்தம் ஒருநாளிற் பிறப்பதன்று. தன் கூலி குறைந்தது என்பதைக் கணக்கிட்டு அறிந்து, அதனை எவரிடத்தில் எம்முறையில் எடுத்துச் சொல்லவேண்டும் என உணர்ந்து, சொல்லவும் துணிந்த ஓர் இளைஞன் அதற்கு முன்னரே இருந்திருத்தல் வேண்டும். அவன் அதனை எங்கே கற்றான்? கற்பித்தவர் யாவர்? கற்பித்தவற்றுள் நிலைத்தது எது, காற்றோடு போனது எது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. நம் கல்லூரியை விட்டு நீங்கிய பின், வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் பெறுவதற்குப் படித்துக்கொண்டிருந்த நாள்களில், யான் ஓரிடத்திற் கணக்கெழுதுவோனாக வேலை பார்த்தேன். மாதந்தோறும் ஒரு தொகைக்குக் கையொப்பமிட்டு, அதனிற் குறைந்த தொகையைப் பெற்று வந்தேன். ஒன்றரை ஆண்டு இவ்வாறு கழிந்தது. இலங்கையின் தொழிற் சட்டங்களைப் பற்றிய வினாவொன்றுக்குப் பரீட்சையில் நல்ல விடையெழுதிய அதே ஆண்டில், என் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கும் வகை எனக்குத் தெரியவில்லை. அறிவு வேறு, கேட்கும் ஆற்றல் வேறு என்பதை அன்றே உணர்ந்தேன். இன்று புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில், கற்பிட்டித் தீபகற்பத்தைச் சேர்ந்த ஆலங்குடாவில் ஆசிரியனாயிருக்கும் எனக்கு, என் மாணவரைப் பார்க்குந்தோறும் அந்நினைவு எழுகின்றது.

முதலில் கேளாதிருத்தலே சட்டமாயிருந்த காலத்தை நோக்குவாம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டத்தின்படி, தோட்டத் தொழிலாளி ஒருவன் ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கடன்பட்டவன் வழக்காளிக்குப் பொறுப்புடையவன் என்பது பொது வழக்கு. தோட்டத் தொழிலாளியோ குற்றவாளியெனக் கருதப்பட்டான். இதனோடு சேர்ந்து இயங்கியது ‘துண்டு’ முறை. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல விரும்புவோனுக்குத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அவனுடைய கடன் இவ்வளவு, அதனைக் கொடுத்தால் அவனை விடுவோம் என்பது அதன் பொருள். அச்சீட்டைச் சுமந்து சென்றவன் அதனை வாசிக்க அறியான். தன்னைப் பற்றிய கணக்கைத் தன் மடியிற் கட்டிக்கொண்டு, அதிலுள்ளது யாதென அறியாமல் மலைப்பாதையில் நடந்த அம்மனிதனை யான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அவனுக்காகப் பேசியவன் கங்காணி. கங்காணி பேசியதோ பெரும்பாலும் தனக்காகவே. துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இத்தீவில் முதலாவது தொழிற்சங்கம் தோன்றியது தோட்டத்திலன்று, அச்சுக்கூடத்தில். 1893ஆம் ஆண்டு கொழும்பிலே கேவ் கம்பெனியின் அச்சகத் தொழிலாளர், சம்பளம் உரிய காலத்தில் வாராமையை முன்னிட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வேளை அமைந்த அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக நின்றவர் ஏ. ஈ. பூல்ஜன்ஸ். அவர் பறங்கியர் குலத்திற் பிறந்தவர், கேம்பிரிட்ஜிற் கற்றவர், பின்னர் பௌத்த சமயத்தைத் தழுவிக் கொழும்பிலே பௌத்த ஆங்கிலப் பாடசாலையின் அதிபராயிருந்தவர். அப்பாடசாலையே பிற்காலத்தில் ஆனந்தாக் கல்லூரியாயிற்று. வேலைநிறுத்தம் சில நாள்களில் தோல்வியுற்றது, சங்கமும் நிலைக்கவில்லை. எனினும் இரண்டு செய்திகள் ஈண்டுக் கருதத்தக்கன. முதலில் எதிர்த்து நின்றவர்கள் எழுத்தைக் கோத்துப் பிழைத்தவர்கள். நாள்தோறும் பிறருடைய விண்ணப்பங்களையும் அறிவித்தல்களையும் அச்சிட்ட கைகளுக்குத் தம் விண்ணப்பத்தை எழுதுவது எட்டாத செயலாயிருக்கவில்லை. மற்றொன்று, அவர்களோடு நின்றவர் ஒரு பாடசாலை ஆசிரியர். இவ்விரண்டும் தற்செயலாய் நேர்ந்தவையென நான் கொள்ளேன்.

அடுத்து வருபவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1915ஆம் ஆண்டில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தையும், 1919ஆம் ஆண்டில் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் அவர் நிறுவினார். பின்னதில் அவருக்குத் துணையாய் நின்றவர் பெரி. சுந்தரம். மலைநாட்டுத் தோட்டச் சூழலிலே பிறந்து கேம்பிரிட்ஜ் வரை சென்று மீண்ட இப்பெரியார், 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற் றிட்டத்தின் கீழ்த் தொழில் துறைக்கு அமைச்சரானார். நகரத்து ஏழைகளுக்கு இரவுப் பாடசாலை நடத்துதலும், தொழிலாளரைச் சிறைக்கனுப்பும் சட்டப் பிரிவுகளை நீக்கக் கோருதலும் இவ்வியக்கத்தின் பணிகள். அவை வீண்போகவில்லை. ஆயினும் இங்கே பேசியோர் வேறு, பேசப்பட்டோர் வேறு. மனுவின் அடியிற் கையொப்பமிட்டவர்கள் யாவரும் கற்றோர். மனுவினுட் கூறப்பட்டவர்கள் அதனை வாசித்தவரல்லர். அருணாசலத்தின் பெருமைக்கு இதனாற் குறைவில்லை. பிறருக்காகப் பேசுதல் முதற்படி; அப்படியிலேயே நின்றுவிட்ட தலைவர்கள் பின்னர்ப் பலராயினர்.

ஏ. ஈ. குணசிங்காவின் வழி வேறு. 1915ஆம் ஆண்டில் இளம் இலங்கைச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். அவ்வாண்டுக் கலவர காலத்தில் இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிறையும் புகுந்தார். 1922ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிற்சங்கத்தை நிறுவினார். 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்திற் சுமார் 20,000 பேர் கலந்துகொண்டனர்; அது முறியடிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் துறைமுக வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது. 1929ஆம் ஆண்டின் திறாம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது மருதானையிலே பொலிசார் சுட்டதில் ஐவர் மாண்டனர். அதே ஆண்டில் முதலாளிமார் சம்மேளனத்துடன் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. தொழிற்சங்கத்தை ஒரு தரப்பாக ஏற்று, பேசித் தீர்க்கும் முறையை அது வகுத்தது. முன்பு ‘கூலி’ என ஒற்றைச் சொல்லால் அழைக்கப்பட்டவன், மேசையின் எதிர்ப்புறத்தில் நாற்காலியிட்டு அமரும் தகுதி பெற்றான்.

ஆனாற் குணசிங்காவின் வரலாறு இவ்விடத்தில் முடிந்திருப்பின் எத்துணை நன்றாயிருந்திருக்கும்! உலகப் பொருளாதார மந்தம் இலங்கையைத் தாக்கியது. வேலை அருகிற்று. துறைமுகத்திலும் ஆலைகளிலும் தம்மோடு தோளொட்டி நின்ற இந்தியத் தொழிலாளரை, சிறப்பாக மலையாளிகளை, ‘வந்தவர்கள், குறைந்த கூலிக்கு உழைத்து நம் பிழைப்பைக் கெடுப்பவர்கள்’ என அவர் பேசத் தலைப்பட்டார். அவருடைய சங்கத்தின் வளர்ச்சிக்கு 1920களில் உழைத்த இந்தியர் பலர் பிரிந்தனர். கூலியைக் குறைத்தவன் எவன் என்னும் வினாவுக்கு, கூலி கொடுப்பவன் என்று விடை கூறாமல், கூலி வாங்கும் மற்றொருவன் என்று விடை கூறும் பழக்கம் இத்தீவின் தொழிலாளர் இயக்கத்தில் அன்று புகுந்தது. பேச்சுக் கற்ற இளைஞர் அப்பேச்சை அயலானுக்கு எதிராகவே திருப்பினர். இதனை வாசகர் மனத்திற் கொள்க. ஆலங்குடாவைப் பற்றிக் கூறுமிடத்து மீண்டும் இதற்கு வருவேன்.

பிரிந்தவர்களுள் ஒருவரே கோ. நடேசையர். தஞ்சை நாட்டிலிருந்து வந்த பத்திரிகையாளர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ முதலிய இதழ்களை நடத்தியவர். 1920களிற் சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் 1947 வரை அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் அமர்ந்தவர். 1931ஆம் ஆண்டில் அவர் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டங்களில் வேரூன்ற முயன்ற முதலாவது தொழிற்சங்கம் அதுவே. அவரைப் பற்றிய அரசியற் கருத்துகள் பலவாறானவை. அவர் சிலவேளை ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்கு விரைந்து மாறினார் என்போரும் உளர். யான் ஈண்டு அவரை ஓர் ஆசிரியராகவே காண விரும்புகின்றேன்.

தோட்டத்தினுள்ளே அந்நியர் புகுதல் அத்துமீறற் குற்றம். லயத்துக்குச் செல்லும் வழியிற் காவல். ஆகவே நடேசையர் புடைவை வியாபாரி போல வேடம் பூண்டு தோட்டங்களுட் சென்று தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் கண்டவை துண்டுப் பிரசுரங்களாகவும் சிறு நூல்களாகவும் வெளிவந்தன. வாசிக்க அறிந்தவர் லயத்தில் ஒருவரோ இருவரோதான். அவர் வாசிக்க ஏனையோர் கேட்டனர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டுகளை இயற்றிச் சிறு புத்தகங்களாக வெளியிட்டதோடு, கூட்டங்களிலே தாமே பாடவும் செய்தார். ஒரு பெண் மேடையேறிப் பாடுவதே அந்நாளிற் புதுமை. அப்பாட்டிற் சம்பளக் குறைவும் குடியுரிமையும் பொருளாயிருந்தமை அதனினும் புதுமை. பிரசுரத்தைப் பறிமுதல் செய்யலாம். கொழுந்து பறிக்கும்போது முணுமுணுக்கும் பாட்டை எந்தத் துரை பறிமுதல் செய்வான்?

பாட்டினும் பிரசுரத்தினும் முதன்மையான பாடம் மற்றொன்றுண்டு. அது கணக்கு. 1927ஆம் ஆண்டின் குறைந்த வேதனச் சட்டத்தின்படி நிருணயிக்கப்பட்ட கூலி 1929ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். சட்டம் தொகையைச் சொல்லிற்று. தொழிலாளியின் கைக்கு வந்ததோ வேறு தொகை. இடையில் நின்றது செக்றோல் என்னும் பேரேடு. விடியற்காலையிற் பெரட்டுக்களத்திற் பேர் போடப்படும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். பிந்தி வந்தால் அன்றைய பேரே இல்லை. மாத முடிவில் அரிசிக்குக் கழிவு, முற்பணத்துக்குக் கழிவு, இன்னும் பிறவற்றுக்குக் கழிவு. முழுப்பேர் இத்தனை, அரைப்பேர் இத்தனை, கழிவு இத்தனை என விரல்விட்டு எண்ணத் தெரியாதவனுக்கு 54 சதம் என்னும் சட்டம் காகிதத்தில் மட்டுமே இருந்தது. கூலி குறைந்தது என அழுதவனுக்குக் கணக்கப்பிள்ளை பேரேட்டைத் திறந்து காட்டுவார். அவன் வாயடைத்து நிற்பான். ஆகையால், நாளும் தன் பேரைத் தானே குறித்து வைத்து, மாத முடிவில் ஒப்பிட்டுக் கேட்டவன் முன்னேதான் கணக்கப்பிள்ளையின் குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருத்தல் வேண்டும். இதனை எந்த நூலிலும் படித்து எழுதவில்லை. கணக்கெழுதிய அனுபவத்தைக் கொண்டு எழுதுகின்றேன்.

சட்டத்திலிருந்த ஏற்றத்தாழ்வையும் மறத்தலாகாது. பெண்ணின் நாளுக்கு ஆணின் நாளைக் காட்டிலும் 11 சதம் குறைவென்று சட்டமே விதித்தது. தோட்டத் தொழிலிற் பெண்களுக்குச் சமகூலி கிடைத்தது 1984ஆம் ஆண்டிலேதான். இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. ‘சிறுவர்க்கு 32 சதம்’ என்னும் தொடர் இன்னும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. சிறுவனுக்குக் கூலி நிருணயிக்கும் சட்டம், அவன் பாடசாலையில் இல்லை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சட்டமன்றோ!

1940ஆம் ஆண்டு சனவரி மாதம் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே, கூலியுயர்வு வேண்டி நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவியின் சார்பிற் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதிட்டார். ஊவாவிலும் பிற இடங்களிலும் வேலைநிறுத்தங்கள் பரவின. அதே ஆண்டில் தோட்ட முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டனர். இந்நிகழ்ச்சிகளை வரலாற்று நூல்கள் கூறும். அவை சுருங்கக் கூறும் ஒன்றே நமக்கு வேண்டுவது: அக்காலத்தில் தோட்டந்தோறும் கமிட்டியும், கமிட்டிக்குத் தலைவரும் உண்டாயினர். 1939ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரசின் தொழிற்பிரிவு இம்முறையை எங்கும் பரப்பிற்று. தலைவர் என்பவர் அத்தோட்டத்துத் தொழிலாளியே. பெரும்பாலும் இளைஞர், ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர். லயத்திலுள்ளோரின் முறையீடுகளைத் திரட்டுதல், எது துரையிடம் சொல்லத்தக்கது, எது சங்கத்துக்கு எழுதத்தக்கது எனப் பகுத்தல், துரையின் முன் தலைப்பாகையை அவிழ்க்காமல் நிமிர்ந்து நின்று பேசுதல் ஆகிய யாவும் அவர் கற்கவேண்டியனவாயின. அதற்குப் பாடப்புத்தகம் இல்லை. முந்திய தலைவரின் பக்கத்தில் நின்று பிந்தியவர் கற்றார். ‘மாதர் தலைவி’ என்னும் பதவியும் பின்னர் வந்தது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் இம்மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்கும் இழந்தபோது, அவர்களுக்கு எஞ்சிய ஒரே வாய் அத்தலைவரின் வாயேயாயிற்று.

யாழ்ப்பாணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1924ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரசு எனப் பெயர் பெற்ற இயக்கத்தை நம் கல்லூரி வாசகர் நன்கறிவர். ஹன்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடி. பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர். 1927ஆம் ஆண்டிற் காந்தியடிகளை வடபுலத்துக்கு அழைத்தவர்கள் அவ்விளைஞர்களே. சாதி வேற்றுமையைக் கண்டித்தும், பாடசாலைகளிற் சம ஆசனம், சம போசனம் வேண்டியும் அவர்கள் பேசியமை நம் வரலாற்றின் ஒளிமிக்க பகுதி. எனினும் பந்தியிற் பக்கத்தில் அமரவேண்டும் என்று சொன்ன அளவுக்கு, பனையேறுவோனின் நாட்கூலி எவ்வளவு, புகையிலைத் தோட்டத்திற் பட்டையிறைப்போனுக்கு ஓய்வுண்டா என்று அவர்கள் வினவியதாகத் தோன்றவில்லை. ஆங்கிலம் கற்ற வாலிபர் சுயராச்சியத்தைக் கேட்கக் கற்றனர். கூலியைக் கேட்கவேண்டிய தேவை அவர்களுக்கில்லை. இதனைக் குறையாகக் கூறுவது பெரியோரைப் பழிப்பதாகச் சிலர் கொள்ளலாம். அவர்களிடத்து யான் கொண்ட மதிப்பினாலேயே கூறுகின்றேன்.

மலைநாட்டிலே 1960களில் ஆசிரியர் தலைமுறையொன்று மீண்டும் இப்பணியைக் கையிலெடுத்தது. அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம் அவர்களைச் சுற்றித் திரண்ட இளைஞர் பலர் பின்னாளில் எழுத்தாளராயும் ஆசிரியராயும் சங்கப் பணியாளராயும் மலர்ந்தனர். ஆசிரியராயிருந்து தொழிற்சங்கத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுக்கு முன்னோடி. 1970களிற் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தொழிலாளர் கல்வி நிறுவகம் ஒன்று அமைந்தது. பகலில் உழைப்போர் ஓய்வுநாளிற் பயின்று தொழிலாளர் கல்வியிற் பட்டம் பெறவும் அங்கே வழியுண்டு. வெளிவாரியாகப் பட்டம் பெற்றவனாதலின் இச்செய்தி எனக்குத் தனியானதோர் உவகையைத் தருகின்றது.

இனி உலக அரங்கு. சர்வதேசத் தொழில் தாபனம் 1919ஆம் ஆண்டிற் பிறந்தது. இலங்கை 1948ஆம் ஆண்டில் அதன் உறுப்பு நாடாயிற்று. 1999ஆம் ஆண்டில் அத்தாபனத்தின் பணிப்பாளர் நாயகம் குவான் சொமாவியா ‘கண்ணியமான தொழில்’ என்னும் கருத்தை முன்வைத்தார். வேலை, வேலையில் உரிமை, சமூகப் பாதுகாப்பு, பேசித் தீர்த்தல் ஆகிய நான்கும் அதனுள் அடங்கும். இளைஞரை அதற்காகப் பேசப் பயிற்றும் வகுப்புகள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. சொல் புதியது, பொருள் அட்டனில் நடேசையர் பேசியதேயன்றிப் பிறிதன்று. நான்காவது அம்சமாகிய பேசித் தீர்த்தல் இல்லையேல் முதல் மூன்றும் மேலிருந்து இடப்படும் பிச்சையாகிவிடும் என்பது என் கருத்து.

இவ்வளவும் கூறிய பின் ஆலங்குடாவுக்கு வருவோம்.

1990ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெறுங்கையராய் வந்த அவர்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திற் புகலடைந்தனர். ஆலங்குடாவின் மணலிற் கிடுகுக் குடிசைகள் நிரை நிரையாய் எழுந்தன. யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றிற் கற்றவன் இதனை எழுதும்போது கை சற்றுத் தயங்குவது இயல்பு. தயங்கி விடுத்தால் வரலாறாகாது. வயல் வைத்திருந்தோரும் வள்ளம் வைத்திருந்தோரும் கடை வைத்திருந்தோரும் ஒரே இரவில் நாட்கூலிகளாயினர். வெங்காயத் தோட்டங்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் வேலைக்குக் கை பெருகிற்று. கை பெருகிய இடத்திற் கூலி சுருங்கிற்று. அன்று கைக்குழந்தையாய் வந்தவர்களின் பிள்ளைகள் இன்று என் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். முன்பே இங்கு வாழ்ந்தவர்களின் பிள்ளைகளும் அதே வாங்கில் அமர்ந்திருக்கின்றனர்.

ஒருநாள் பத்தாம் தரத்தினருக்குக் குணசிங்காவைப் பற்றிப் பாடம் சொன்னேன். மலையாளிகள் கூலியைக் குறைத்தனர் என்று அவர் பேசியதைக் கூறியதும், பின்வாங்கிலிருந்து ஒருவன், “சேர், எங்கட வாப்பாவும் அப்படித்தான் சொல்லுவார், முகாம்காரங்க வந்துதான் கூலி குறைஞ்சது எண்டு” என்றான். வகுப்பு அமைதியாயிற்று. முன்வாங்கில் இருந்த சிறுமி ஒருத்தி தலை குனிந்தாள். அவளுடைய பாட்டனார் முகாமுக்கு வந்தவர். அந்த அமைதியில் எனக்கும் உடனே ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. பின்னர்க் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினேன். ஒரு பாத்தி வெங்காயத்துக்கு எத்தனை நாள் வேலை, அந்நாள்களின் கூலி எவ்வளவு, சந்தையில் அவ்வெங்காயம் விற்ற விலை எவ்வளவு என்று அவர்களையே கூறச் செய்தேன். இருதரத்துப் பிள்ளைகளும் தத்தம் வீட்டிற் கேள்விப்பட்ட தொகைகளைக் கூறினர். எல்லாத் தொகைகளும் ஏறத்தாழ ஒன்றாயிருந்தன. அதற்கு மேல் விளக்கவுரை எதுவும் யான் கூறவில்லை.

அதுமுதல் வகுப்பிற் சிலர் சிறு குறிப்புப் புத்தகம் வைக்கத் தொடங்கினர். விடுமுறையில் வேலைக்குச் செல்லும் மூத்த மாணவர், நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பேசிய கூலி, பெற்ற கூலி என ஐந்து நிரல்கள் இட்டனர். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் நாட்டிலுள்ள தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 400 ரூபா எனக் குறைந்த கூலியொன்றை முதலில் வகுத்ததையும், அத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டு வந்ததையும் அவர்களுக்குக் கூறினேன். ஆணென்றும் பெண்ணென்றும் அச்சட்டம் பிரித்துப் பேசவில்லை. ஆயின் வீட்டுப் பணியாளர்களை அது சேர்த்துக்கொள்ளவுமில்லை. வளைகுடா நாடுகளுக்குச் சென்று பிறர் வீட்டில் உழைக்கும் தாய்மாரின் பிள்ளைகள் நிரம்பிய வகுப்பிலே அதனைச் சொல்லும்போது, “ஏன் சேர்?” என்று கேட்டனர். விடை கூற இயலாத வினாக்களுள் அதுவும் ஒன்று. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021ஆம் ஆண்டில் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டதையும் கூறினேன். பதினைந்து வயதினர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர்.

கரைவலைத் தொழிலிற் கணக்கு இன்னும் கடினம். அங்கே நாட்கூலி இல்லை, பங்கு. பிடிபட்ட மீனின் விலையிற் செலவு கழித்து, வலையுடைய சம்மாட்டிக்கு ஒரு பகுதியும் இழுப்போருக்கு ஒரு பகுதியும் பிரிக்கப்படும். செலவு யாதென்பதைச் சம்மாட்டி வாயாற் சொல்வார். எவரும் எழுதிப் பார்த்ததில்லை. பேரேடு இருந்த தோட்டத்திற் பேரேட்டை எதிர்த்துக் கேட்கலாம். பேரேடே இல்லாத கடற்கரையில் முதலிற் பேரேடொன்று வேண்டும் என்று கேட்கவேண்டியுள்ளது.

குறிப்புப் புத்தகம் வைத்தோருள் ஒரு மாணவனைப் பற்றிக் கூறி நிறுத்துகின்றேன். தைமாத விடுமுறையிற் பதினொரு நாள் ஒரு தோட்டத்தில் வேலை செய்தான். எட்டு நாளுக்கே கூலி வந்தது. அதுவும் ‘சின்னப் பொடியன்’ என்று அரைக்கூலி. அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதலாளியின் வீட்டுக்குச் சென்றான். தனியே செல்லவில்லை, உடன் வேலை செய்த இருவர் சென்றனர். ஒருவன் இவ்வூரில் வேரூன்றிய குடும்பத்தவன். மற்றவன் முகாமில் வந்து குடியேறிய குடும்பத்தவன். முற்றத்தில் நின்று, நாள்களை வாசித்துக் காட்டினான். முதலாளி கடிந்துகொண்டார், பின்னர் தம் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார், பின்னர் விடுபட்ட மூன்று நாளுக்கும் பணம் கொடுத்தார். அரைக்கூலி முழுக்கூலியாகவில்லை. அடுத்த அறுவடைக்கு அம்மூவரில் எவரையும் அவர் அழைக்கவுமில்லை.

அம்மாணவன் இதனை என்னிடம் வந்து கூறியபோது, அவனுக்கு ஒரு வேலையை இழப்பித்தவன் நானோ என்று வருந்தினேன். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. அரைக்கூலி கொடுக்கலாமென்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, அதைத் தமிழில் எங்கே வாங்கலாம் என்று கேட்டான். புத்தளத்துக்குப் போகும்போது தொழில் திணைக்கள அலுவலகத்திற் கேட்டு வருகிறேன் என்றேன். “நானும் வாறன் சேர்” என்றான். மறு செவ்வாய்க்கிழமை இருவரும் பேருந்தேறினோம்.